தெரியாத கைப்பிடியை ஏன் வரைகிறார்கள்?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வகுப்பில் 32 பிள்ளைகள், எல்லோருக்கும் ஏறத்தாழ 8 வயது. ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் இல்லாததால் வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம், இவரே எடுக்கிறார். இந்த ஆண்டு ‘பொருளைப் பார்த்து வரைதல்’ புதிதாகச் சேர்ந்திருக்கிறது. முதல் வாரம் ஒரு பீங்கான் கோப்பையைக் கையில் தூக்கிக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டு, பிறகு தன் மேசைமேல் வைத்து வரையச் சொன்னார். ஒரு பக்கத்து வரிசைகளுக்குக் கைப்பிடி தெரியவே தெரியாது. இருந்தும் அங்கே உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் கைப்பிடி போட்டிருந்தார்கள். “பார்க்காமலே வரைந்திருக்கிறீர்கள்” என்று மதிப்பெண் குறைத்தார். அடுத்த இரண்டு வாரம் போர்டில் படிப்படியாக வரைந்து காட்டினார். 32 கோப்பைகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வந்தன. தலைமையாசிரியர் பாராட்டினார். இவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

இதற்கு நடுவே ஒரு பையன் அழித்து அழித்துத் தாளையே கிழிக்கிறான். இன்னொருவன் இரண்டு நிமிடத்தில் “முடிச்சிட்டேன் மிஸ்” என்கிறான். எதை வைத்தாலும் பக்கத்தில் ஒரு இளவரசியை வரைந்துவிடுகிற ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். ‘இந்த வயதில் பார்த்து வரைய வராதா? போர்டில் வரைந்து காட்டுவது தவறா? எனக்கே வரையத் தெரியாதபோது நான் கற்றுக்கொடுக்கலாமா? மதிப்பெண் எப்படிப் போடுவது?’ என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒரே மாதிரியான 32 கோப்பைகளைப் பார்த்து உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றீர்களே, அந்த உறுத்தல் சரியானது. பிள்ளைகள் பார்த்தது உங்கள் போர்டை. கோப்பையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் முதல் வாரம் நடந்ததைத் தோல்வி என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கைப்பிடி போட்டது கவனக்குறைவா?

குழந்தை ஓவியங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஆன்ரி லூக்கே, சிறு பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை விடத் தங்களுக்குத் தெரிந்ததையே வரைகிறார்கள் என்று 1927-இல் எழுதினார். கோப்பை என்றால் கைப்பிடி இருக்கும். கைப்பிடி இல்லாமல் வரைந்தால் பார்ப்பவர் அதை டம்ளர் என்று நினைத்துவிடுவார். அதனால் குழந்தை கைப்பிடியைச் சேர்க்கிறது. அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது.

1972-இல் ஃப்ரீமன், ஜானிகௌன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கோப்பையை வைத்தே சோதித்தார்கள். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் பூ போட்ட ஒரு கோப்பையைக் காட்டினார்கள். பிறகு கைப்பிடி மறைந்து பூ மட்டும் தெரியும்படி திருப்பி வைத்து வரையச் சொன்னார்கள். சிறியவர்கள் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள், கண்ணெதிரே தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். 8 வயதை ஒட்டித்தான் இது தலைகீழாக மாறியது. உங்கள் பிள்ளைகள் சரியாக அந்த வாசற்படியில் நிற்கிறார்கள்.

‘அப்படியானால் ஒரு வருடம் காத்திருக்கலாமே’ என்று தோன்றலாம். வேண்டாம். வயது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை, நாம் பொருளை வைக்கும் விதமும் தீர்மானிக்கிறது. 1983-இல் அலிசன் டேவிஸ் ஒரு கோப்பைக்குப் பதில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கைப்பிடி தெரியும், மற்றதில் தெரியாது. தனிக் கோப்பைக்குக் கைப்பிடி போட்ட சின்னப் பிள்ளைகளே, இரண்டாக வைத்தபோது மறைந்த கைப்பிடியை விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்கே புரிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு ப்ரெம்னரும் மூரும் செய்த ஆய்வில், கோப்பையை முன்கூட்டியே நன்றாகப் பார்ப்பதும் வரைவதற்கு முன் அதன் பெயரைச் சொல்வதும், மறைந்த கைப்பிடி படத்தில் வருவதை அதிகமாக்கின.

நீங்கள் செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். கோப்பையைத் தூக்கிக் காட்டினீர்கள், “இது என்ன?” என்று கேட்டீர்கள், வகுப்பே “கோப்பை!” என்றது. அந்தச் சொல்லோடு தலைக்குள் இருக்கும் கோப்பையும் எழுந்து வந்துவிட்டது. பிறகு மேசைமேல் இருக்கும் கோப்பைக்கு என்ன வேலை? இது உங்கள் குறையில்லை. எல்லோரும் அப்படித்தான் பாடத்தைத் தொடங்குகிறோம். அடுத்த முறை பொருளை வைத்துவிட்டு, பெயர் சொல்லாமல் “இது உங்கள் இடத்திலிருந்து எப்படித் தெரிகிறதோ அப்படி” என்று மட்டும் சொல்லுங்கள். கோப்பைதான் வேண்டுமென்றால் இரண்டாக வையுங்கள்.

பொருளும் அதை வைக்கும் இடமும்

32 பேருக்கு மேசைமேல் ஒரே ஒரு கோப்பை என்பது பெரிய தடை. நான்காவது வரிசையிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு அது கட்டைவிரல் அளவுதான் தெரியும். அவ்வளவு தூரத்தில் பார்க்க எதுவும் இல்லாததால் அவள் நினைவுக்குப் போகிறாள். நால்வருக்கு ஒரு பொருள் என்று எட்டுப் பொருள் தேவை. எட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. நான்கு மேசைகளுக்கு நடுவே, ஒரு பெட்டியின் மேலோ புத்தக அடுக்கின் மேலோ 10 முதல் 15 செ.மீ. உயர்த்தி, கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அடியைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். யாராவது தட்டிவிட்டால் அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். இல்லாவிட்டால் பாதிப் படம் வரைந்த பிள்ளைக்கு எல்லாமே மாறிப்போகும். வலது கையால் எழுதுபவர்களுக்குப் பொருள் சற்று இடப்பக்கமாகவும், இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கமாகவும் இருந்தால் வரைகிற கை மறைக்காது.

பக்கத்தில் வைத்த பிறகும் கண்ணைச் சுருக்கியோ பொருளை மூக்குக்கருகே இழுத்தோ பார்க்கிற பிள்ளை இருந்தால், கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

எதை வைப்பது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தட்டையாகக் கிடக்கிற பொருள்கள்: சாவி, கத்தரிக்கோல், கரண்டி, காம்போடு ஓர் இலை. இவற்றில் மறைந்த பக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஓரத்தைப் பின்தொடர்ந்தால் போதும். நான்கைந்து வாரம் போன பிறகு அவரவர் ஷூ. அதில் துளைகள், மடிப்புகள், கயிறு எதன் மேல் எது போகிறது என்று பார்க்க நிறைய இருக்கிறது. ‘ஷூ இப்படித்தான் வரைய வேண்டும்’ என்று யாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவும் மாட்டார்கள். கோப்பை, பாத்திரம், வாளி எல்லாம் அதற்கும் பிறகு. கண்ணாடி டம்ளர், பளபளக்கும் எவர்சில்வர், இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் பாட்டில் ஆகியவற்றை இந்த வயதில் தவிர்த்துவிடலாம். பாட்டிலில் இடப்பக்கம் ஒரு நூல் விலகினாலும் பிள்ளைக்கே தெரிந்துவிடும், உடனே ஸ்கேலை எடுத்துவிடுவாள்.

நீங்கள் தொடங்கியதே கோப்பையில்! இருப்பதிலேயே கடினமான ஒன்றைக் கொடுத்துவிட்டு அவர்களையும் உங்களையும் நொந்துகொண்டிருக்கிறீர்கள்.

கத்தரிக்கோலை வைத்து ஒரு பீரியட்

வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் முனை மழுங்கிய கத்தரிக்கோல்கள் போதும். A4 தாளைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள். பொருளும் தாளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் உண்மையான அளவிலேயே வரையலாம். முழுத்தாள் கொடுத்தால் மூலையில் மூன்று செ.மீ.க்கு ஒரு படம் வரும்.

பொருளை எடுப்பதற்கு முன்பே, “கத்தரிக்கோல் எப்படி இருக்கும், மூன்று நிமிடத்தில் நினைவிலிருந்து வரையுங்கள்” என்று சொல்லுங்கள். அநேகமாக எல்லோரும் ஒரு பெருக்கல் குறியும் கீழே இரண்டு வட்டமும் போடுவார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லக் கூடாது என்றேனே, இங்கே மட்டும் விதிவிலக்கு. தலைக்குள் இருப்பதைத் தாளில் இறக்கிவிடுவதுதான் இந்த மூன்று நிமிடத்தின் நோக்கம்.

அடுத்த ஐந்து நிமிடம் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, மூடிய நிலையில் விரலால் ஓரங்களைத் தடவச் சொல்லுங்கள். கோப்பைக்கு இதைச் செய்தால் மறைந்த கைப்பிடி படத்துக்குள் வந்துவிடும். தட்டையான பொருளுக்கு இது உதவும். பிறகு கொஞ்சம் திறந்து மேசையில் வைத்துக் கேளுங்கள்: இரண்டு வளையமும் ஒரே அளவா? நடுத் திருகு எந்த இடத்தில் இருக்கிறது, முனைக்குப் பக்கமா, பிடிக்குப் பக்கமா? எந்த அலகு மேலே போகிறது, எது அடியில் நுழைகிறது? திருகுக்கு மேலே வலப்பக்கம் இருக்கும் அலகுதான் கீழே வரும்போது இடப்பக்க வளையமாகிறது என்பதைப் பெரியவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். வளையத்துக்குள் இருக்கும் ஓட்டை வட்டமா, முட்டையா, ஒரு பக்கம் சப்பையா? ஓட்டையின் வடிவத்தைக் கேட்பது மிகவும் பலன் தரும். வளையத்துக்குத் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது, ஓட்டைக்குக் கிடையாது. அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்து மூன்று நிமிடம் தாளைப் பார்க்காமல் வரைவது. 15 செ.மீ. சதுர அட்டையின் நடுவில் ஓட்டை போட்டுப் பென்சிலை அதில் செருகினால், அட்டை கையையும் கோட்டையும் மறைத்துவிடும். பொருளின் ஓரத்தில் ஓர் எறும்பு மெதுவாக நடப்பதாகவும், அதே வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும் என்றும் சொல்லுங்கள். கோடுகள் சிக்கிய நூல்கண்டு மாதிரி வரும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிலர் அழுதுவிடுவார்கள். படம் நமக்கு வேண்டாம். கண் மூன்று நிமிடம் பொருளைவிட்டு நகராமல் இருந்ததே, அதுதான் வேண்டும்.

அதன்பின் 15 நிமிடம் தாளைப் பார்த்தும் பொருளைப் பார்த்தும் வரையட்டும். முதலில் மேல் முனை, கீழ் முனை, இடம், வலம் என நான்கு புள்ளிகள். அந்த நான்குக்குள் படம் அடங்க வேண்டும் என்றால் அளவு தானாக வரும். நீங்கள் சுற்றிவரும்போது “நல்லா இருக்கு” என்பதைக் குறைத்துக்கொண்டு, “இந்த வளையம் எங்கே முடிகிறது என்று விரலால் காட்டு” என்று கேளுங்கள். பிள்ளை பொருளைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள், மறுபடி பொருளைப் பார்ப்பாள். அந்தப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும் வரை நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

கடைசி ஐந்து நிமிடம் நினைவுப் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து, ‘பார்த்ததால் வந்தது’ எதெது என்று அவர்களே வட்டமிடட்டும். மீதி நேரம் தாள் கொடுக்கவும் வாங்கவும் போய்விடும்.

ரப்பர், அவசரம், இளவரசி

தாள் கிழிவதற்குக் காரணம் ரப்பரைவிட அழுத்தம்தான். முனைக்கு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் தாளில் பள்ளம் விழுகிறது. பள்ளத்தை எந்த ரப்பராலும் எடுக்க முடியாது. 2B பென்சில் கொடுத்து, முனையிலிருந்து நான்கு, ஐந்து செ.மீ. தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு தானாக மெலியும். முதல் பத்து நிமிடம் எல்லோருடைய ரப்பரையும் ஒரு டப்பாவில் வாங்கி வைக்கலாம். நிரந்தரத் தடை வேண்டாம். தவறான கோட்டை விட்டுவைத்து அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுவதுதான் பழக வேண்டியது. முதல் கோடு எவ்வளவு விலகியது என்பது தெரிந்தால்தானே இரண்டாவது கோட்டை எங்கே போடுவது என்று தெரியும்? அந்தப் பையனுக்கு ஒரு வாரம் பால்பாயின்ட் பேனா கொடுத்துப் பாருங்கள். அழிக்க வழியில்லை என்று தெரிந்தால் பல பிள்ளைகள் நிதானமாகிவிடுவார்கள்.

இரண்டு நிமிடத்தில் முடிக்கிறவன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவன் வரைந்தது தலைக்குள் இருந்த படத்தை. அது இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. “இன்னும் நன்றாக வரை” என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. “இதில் இருந்து உன் படத்தில் இல்லாத மூன்றைக் கண்டுபிடி” என்று கேட்டால் வேலை இருக்கிறது. அல்லது பொருளைப் பாதி சுற்றித் திருப்பி வைத்து, அதே தாளில் இன்னொரு படம்.

இளவரசி வரைகிறவளிடமிருந்து இளவரசியைப் பிடுங்காதீர்கள். கற்பனை ஓவியம் குழந்தைக்குச் சொந்தமான இன்னொரு மொழி. தாளின் பின்பக்கத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஷூ வாரம் வரும்போது, “இளவரசி இந்த ஷூவைப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும், கயிறு உள்பட” என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஷேடிங் இப்போதைக்கு வேண்டாம். விரலால் தேய்த்துத் தாள் முழுக்கக் கரியாக்குவதில் போய் முடியும்.

கோப்பைக்குத் திரும்பி வரும்போது

வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் எல்லோரும் வரைவார்கள். வாய் வட்டம் என்று தெரியும், அடி தட்டையாக மேசையில் உட்காருகிறது என்றும் தெரியும். இதைப் பேசிப் புரியவைக்க முடியாது, செய்து காட்டலாம். கோப்பையைக் கண்மட்டத்துக்குத் தூக்கினால் வாய் ஒரு கோடுதான். மெல்ல இறக்க இறக்கக் கோடு திறந்து நீள்வட்டமாகும், நேர் மேலேயிருந்து பார்த்தால்தான் முழு வட்டம். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் இதைச் செய்து பார்க்கட்டும்.

நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் கூர்மையாகி மீன் வடிவம் வருவது அடுத்த சிக்கல். மேல் வளைவையும் கீழ் வளைவையும் தனித்தனியாகப் போட்டு ஓரத்தில் ஒட்டவைப்பதால் அப்படி ஆகிறது. பென்சில் தாளைத் தொடாமல் காற்றிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அப்படியே தாளில் இறக்கினால் ஓரம் உருண்டு வரும். அடிப்பக்கக் கோடும் வளைய வேண்டும். கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அந்த வளைவு வாயின் வளைவைவிடச் சற்றே அதிகமாக இருக்கும். இதெல்லாம் 9, 10 வயதில் நன்றாகப் பிடிபடும். உங்கள் வகுப்பில் நாலைந்து பேருக்கு இப்போதே வந்தால் சந்தோஷம். மற்றவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

போர்டும் உங்கள் பென்சிலும்

போர்டில் வரைவது முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். பென்சிலை எப்படிப் பிடிப்பது, நான்கு புள்ளி எப்படி வைப்பது, காற்றில் எப்படிச் சுற்றுவது போன்ற கைப்பழக்கத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். இரண்டு நிபந்தனைகள் மட்டும்: பிள்ளைகள் வரையப்போகும் பொருளை நீங்கள் வரையாதீர்கள், வேறொன்றை வரையுங்கள். அவர்கள் பென்சிலை எடுப்பதற்குள் அதை அழித்துவிடுங்கள்.

‘எனக்கே வரையத் தெரியாது’ என்றீர்கள். இந்தப் பாடத்துக்கு அது தடையே இல்லை. சரளமாக வரைகிறவர் போர்டில் சடசடவென்று வரைந்தால், பிள்ளைகளுக்கு வியப்பு மிஞ்சும், வழி தெரியாது. நீங்கள் மெதுவாக வரைந்து, “கைப்பிடியை ரொம்ப மேலே வைத்துவிட்டேன் போலிருக்கே... ஆமாம், பாதி உயரத்தில்தான் தொடங்குகிறது” என்று வாய்விட்டுச் சொல்லி, பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்தில் புதுக்கோடு போட்டால், பார்ப்பது எப்படி என்பதே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. திருத்தித் தருவதாகவும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு கோடு நீங்கள் போட்டாலும் அந்தப் படம் அவளுடையதாக இருக்காது; அடுத்த வாரமும் தாளை நீட்டிக்கொண்டு நிற்பாள். காட்ட வேண்டியிருந்தால் தனித் துண்டுத்தாளில் காட்டுங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன்னால் “மாட்டலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தலைமையாசிரியருக்கு அழகான சுவர் வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். நினைவுப் படத்தையும் பார்த்து வரைந்ததையும் ஜோடியாக மாட்டுங்கள். பெருக்கல் குறியும் இரண்டு வட்டமுமாக இருந்தது, திருகும் வளைந்த பிடியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய அலகுமாக மாறியிருப்பதைப் பார்க்கிற எவருக்கும் பிள்ளை என்ன கற்றது என்பது விளங்கும். அவர் ஒப்புக்கொள்ளாமல் போகவும் வாய்ப்பு உண்டு; ஒரே மாதிரி சுத்தமாக இருப்பதுதான் சிலருக்குப் பிடிக்கும். அப்படியானால் இரண்டு வகையையும் வைத்துக்கொள்ளுங்கள்: விழாவுக்குப் போர்டுப் படம், பாடத்துக்கு இது. இரண்டையும் ஒன்றென்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மதிப்பெண்

போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஜோடியிலிருந்தே போடுங்கள். நினைவுப் படத்தில் இல்லாத எத்தனை விவரம் பார்த்த படத்தில் வந்திருக்கிறது, பெரியது பெரிதாகவும் சிறியது சிறிதாகவும் இருக்கிறதா, ஒன்றை மறைக்கும் இன்னொன்று அப்படியே காட்டப்பட்டிருக்கிறதா என்ற மூன்று போதும். சுத்தத்துக்கும் கோட்டின் நேர்த்திக்கும் மதிப்பெண் வைத்தால், நன்றாகப் பார்த்துத் தடுமாறி வரைந்தவள் தோற்பாள், பார்க்காமல் நேர்த்தியாக வரைந்தவன் ஜெயிப்பான்.

கடைசியாக, முதல் வாரக் கோப்பைகள். கைப்பிடிக்காகக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்: “உங்களுக்குத் தெரிந்ததை வரைந்திருந்தீர்கள், அது தப்பில்லை, நான் கேட்டது உங்களுக்குப் புரியும்படி இல்லை.” பிறகு அதே கோப்பையை, இந்த முறை இன்னொன்றோடு சேர்த்து வைத்து, எந்த இடத்திலிருந்து எதன் கைப்பிடி மறைகிறது என்று அவர்களையே எழுந்து சுற்றிவந்து பார்க்கச் சொல்லுங்கள்.